படத்துக்குக் கீழே கேமரா

எங்கள் வீட்டு டிவி நாற்பத்து மூன்று அங்குலம். அதில் சோபா பார்த்துத்தான் நான் பிழைப்பேன் என்று அதை வாங்கிய நாளில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இங்கிலாந்தில் ஒரு மரச்சாமான் கம்பெனி. அவர்களுடைய இணையக் கடையில் ஏற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் படமும் விவரமும் பொருந்துகிறதா என்று வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துச் சொல்வதுதான் வேலை. மூன்று பேர் உட்காரும் சோபா என்று எழுதிவிட்டு இரண்டு பேர் உட்காருவதைப் படமாகப் போட்டிருந்தால் சிவப்பு அடையாளம் வைக்க வேண்டும். மணல் நிறம் என்று எழுதிவிட்டுச் சாம்பல் நிறத்தைக் காட்டினாலும் சிவப்புதான். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை. எங்கள் வீட்டில் ஒரு சோபாகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

அதற்கு முன்பு ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடம் இருந்தேன். தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் மைசூரில் வேலை தேடி அலைந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், காபி கொடுப்பார்கள், நிறைய அனுபவம் இருக்கிறது என்று கன்னடத்தில் மெச்சுவார்கள், நாங்களே கூப்பிடுகிறோம் என்று வாசல் வரை வந்து அனுப்புவார்கள். ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஒன்றரை வருடம் கழித்து, பெங்களூரில் உள்ள ஏஜென்சி ஒன்றின் மூலம் இந்த சோபா வேலை கிடைத்தது. இதுவும் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மனைவி நர்ஸ். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்புறம் என் அம்மா. அம்மா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரி. மைசூருக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சில் அந்த ஊர்தான் இருக்கிறது. காய்கறிக்காரரிடம் கன்னடம் பேசுவாள், ஆனால் அதையும் ஹனூர்த் தமிழ் மாதிரிதான் பேசுவாள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்பதால் யார் என்ன செய்தாலும் எல்லோருக்கும் தெரிந்துதான் செய்ய வேண்டும்.

டிவியை கம்ப்யூட்டரோடு முதலில் சேர்த்தது மகள். அவளுக்குக் கார் ரேஸ் விளையாட்டு என்றால் உயிர். லேப்டாப் திரை போதவில்லை என்று ஒரு எச்.டி.எம்.ஐ வயர் வாங்கி வந்து டிவியில் செருகினாள். காரின் வேகத்துக்குப் படம் ஈடு கொடுக்க வேண்டும் என்று கேம் மோடு போட்டாள். நிறம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று வேறு எதையோ ஏற்றினாள். உண்மையைச் சொன்னால் நானும் ஆடியிருக்கிறேன். வேலை இல்லாத அந்த மாதங்களில், மனைவி டியூட்டிக்கும் மகள் கல்லூரிக்கும் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து தெரியாத நாட்டுச் சாலைகளில் கார் ஓட்டிக்கொண்டிருப்பேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “இந்தக் காரு எங்கதான் போவுது கண்ணு?” என்று கேட்பாள். எனக்கும் தெரியாது.

வேலை கிடைத்த இரண்டாம் மாதம், மகள் இயர்போனை லேப்டாப்புக்குள் வைத்தபடியே மூடிவிட்டாள். திரை குறுக்கே விரிசல் விட்டுக் கறுத்துப் போனது. ரிப்பேர் கடையில் இந்த மாடலுக்குத் திரை வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வயர் இருக்கிறது, டிவி இருக்கிறது, அப்புறம் என்ன என்று நான் ஹாலுக்குக் குடிபெயர்ந்தேன். ஏஜென்சியில் சேரும்போது தந்த படிவத்தில், வேலைக்கென்று தனி மானிட்டர் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. இருக்கிறது என்று டிக் அடித்திருந்தேன். டிவியும் ஒரு மானிட்டர்தானே என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிவியில் வேலை செய்வது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்து ஓரங்களில் பிசிறடிக்கும், கண்ணில் நீர் வரும். தள்ளி உட்கார்ந்தால் எழுத்தே தெரியாது. தலையை இடமும் வலமும் திருப்பிப் படித்துப் படித்துக் கழுத்து இறுகிவிடும். போதாததற்கு, டிவி படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஏதோ ஓர் அமைப்பில் இருந்தது. நான்கு ஓரத்திலும் நான்கு விரல் அளவுக்கு வெட்டிவிடும். மணி பார்க்க முடியாது. மீட்டிங்கில் என் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டத்தில் என் இடது காது மட்டும் தெரியும். என் மூஞ்சியை நானே பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

லேப்டாப்பின் கேமராவும் திரையோடு போய்விட்டதால் தனியாக ஒரு கேமரா வாங்கி டிவியின் தலையில் மாட்டினேன். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருப்பது அங்கேதான். சிவப்பு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். படத்துக்கு நேர் கீழே டிவி. ஹாலில் அகலமான சுவர் அது ஒன்றுதான், வேறு எங்கே வைப்பது? தினமும் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லும்போது எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவோம். கடைசியில் மன்றாட்டுமாலைக்கு மட்டும் எழுந்து முழந்தாளிடுவோம். படத்துக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

எனக்கு வினை வந்தது நிறத்தில். மகள் கார் ரேஸுக்காக ஏற்றி வைத்த பளபளப்பு அப்படியே இருந்தது. மணல் நிறச் சோபா டிவியில் மஞ்சள் தூள் கொட்டிய மாதிரி வரும். தந்த நிறம் என்று எழுதியிருந்தால் எனக்கு எலுமிச்சை தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு நிறத்துக்குப் பேர் வைக்கவே தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு சிவப்பாக அடித்துத் தள்ளினேன். மூன்று வாரம். பதினெட்டு வருடம் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எண்ணியவனுக்குத் தப்புக் கண்டுபிடிப்பதில் ஒரு பெருமை வேறு. ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் தப்பு என்று சொன்ன நிறங்கள் எல்லாம் சரியான நிறங்கள். கம்பெனியின் மேனேஜர் வீடியோவில் நேராகப் பேச வேண்டுமாம். புதன்கிழமை, நம் நேரம் சாயங்காலம் ஆறே முக்கால்.

டிவியால் வந்த குழப்பம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் தனி மானிட்டர் என்று டிக் அடித்தது பொய்யாகும். சொல்லாவிட்டால் நிறம் தெரியாத முட்டாள் ஆவேன். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். “இன்னிக்கு மட்டும் ஜெபமாலைய எட்டு மணிக்கு வெச்சுக்கலாமா?”

“ஏங்கண்ணு, ஆண்டவருக்கு வேற சோலி இருக்குதா?”

“எனக்கு மீட்டிங் இருக்கும்மா. வேலை விஷயம்.”

“வேல விசயம்னா ஜெபமால அந்த நேரத்துலதான் சொல்லோணும். நாங்க உம்பொறத்தால உக்காந்து முணுமுணுன்னு சொல்லிக்கறம். உன்ற மீட்டிங்குக்குக் குறுக்க வரமாட்டம்.”

மனைவி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். “ஹோகலி விடுங்க, காதுல ஹெட்போன் மாட்டிக்கோங்க. நாங்க சத்தம் போடாம சொல்லிக்கறோம்” என்றாள் கன்னடம் கலந்த பேச்சில். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சத்தம் கேட்காது என்பதை மட்டும்தான் நான் யோசித்தேன். கேமராவுக்குக் கண் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தாடி வைத்த முகம் டிவியில் அண்டா அளவுக்குத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். கெட்ட மனிதர் இல்லை. என் சௌக்கியம் விசாரித்தார், மைசூரில் மழையா என்று கேட்டார். பிறகு நான் சிவப்பு அடித்த பட்டியலைத் திறந்து காட்டி, ஏன் இப்படி என்று கேட்டார். கவனக்குறைவு, இனி நடக்காது என்றேன். இதனால் அவர்களுக்கு மூன்று வாரம் வீணாகிவிட்டது என்றார். புரிகிறது சார் என்றேன். இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று மேலே சொல்கிறார்கள் என்றார்.

புரிகிறது சார் என்றேன் மறுபடியும். எனக்கு ஒரு குணம். யாராவது என்னை வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நானே முந்திக்கொண்டு தலையாட்டிவிடுவேன். தொழிற்சாலை மூடியபோதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தவன் நான். ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கலாம் என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

மேனேஜர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. முகம் சிவந்தது. “அது உங்கள் குடும்பமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மன்றாட்டுமாலை நடந்துகொண்டிருந்தது. மனைவியும் மகளும் பாயில் முழந்தாளிட்டுக் கைகூப்பியிருந்தார்கள். முட்டி மடங்காத அம்மா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். மூன்று பேரும் முகத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில்தான் மேனேஜர் இருந்தார். வேலை போகிறது என்று அவர் சொன்ன அதே நிமிஷத்தில் என் வீட்டுப் பெண்கள் அவர் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். அவருக்கு அப்படித்தானே தெரியும்?

“இல்லை சார், அது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கினார். “வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அவர்களை எழுந்திருக்கச் சொல்லுங்கள். நான் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன்.”

தினமும் சொல்கிற ஜெபம், உங்களைப் பார்த்து இல்லை, மேலே ஒரு படம் இருக்கிறது. இவ்வளவு ஆங்கிலம் எனக்கு வரும். வார்த்தைகூட நாக்கு நுனி வரை வந்தது. நன்றி சார் என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் நீட்டித்திருப்பதாக வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. அன்று சாப்பிடும்போது மகளிடமும் மனைவியிடமும் நடந்ததைச் சொன்னேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து நின்று மேனேஜர் கையைத் தூக்கிய விதத்தைப் பாட்டிக்கு நடித்துக் காட்டினாள். “ஆயா, பாவம் அவர் பயந்தே போயிட்டாராம்! நாம அவர் கால்ல விழறோம்னு நெனச்சுட்டார்!” மனைவிக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று.

அம்மா சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “அதப் பாத்துட்டுத்தான் மூணு மாசம் குடுத்தாரா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. அப்படித்தான் போல இருக்கு.”

“நல்ல மனுசன்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த மூன்று மாதமும் நான் வேலை செய்த மாதிரி என் வாழ்நாளில் செய்ததில்லை. முதலில் டிவியை ஒழுங்குபடுத்தினேன். ஓரம் வெட்டும் அமைப்பைக் கண்டுபிடித்து மாற்றினேன். மணி தெரிந்தது, மீட்டிங் கட்டத்தில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. அப்புறம் நிறம். எங்கள் ஹால் சுவருக்கு க்ரீம் நிறம் அடித்திருக்கிறோம். அதை போனில் படம் எடுத்து டிவியில் போட்டு, டிவியில் தெரியும் சுவரும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரும் ஒன்றாகும் வரை ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது. பிறகு அந்த ரிமோட்டை யாரையும் தொடவிடவில்லை.

அடுத்த மாதம் மகள் ஒருநாள் தெரியாமல் விளையாட்டுக்காகப் பழைய பளபளப்பை வைத்துவிட்டாள். மறுநாள் காலை முதல் நாற்காலியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நிறுத்தி வைத்துக் கத்தினேன். என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயா என்று கேட்டேன். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் அழவில்லை. ஜாய்ஸ்டிக்கை வயரோடு சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். “பரவால்லப்பா, நான் ஃபோன்லயே ஆடிக்கறேன். நீங்க சும்னே டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்று முழுவதும் சோபாக்களைப் பார்த்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையில் ஒரு தப்பும் வரவில்லை. மேனேஜரே வாரக் கடைசியில் நன்றாகப் போகிறது என்று ஒரு வரி எழுதுவார். மூன்றாம் மாதம் அந்த வரி நின்றுவிட்டது. இந்தச் சரிபார்ப்பை ஒரு மென்பொருளைக் கொண்டு செய்து பார்க்கிறார்கள் என்று ஏஜென்சியில் பேச்சு அடிபட்டது. பிறகு அவரிடமிருந்தே மெயில் வந்தது. பேச வேண்டும், எந்த நேரம் வசதி என்று என்னைக் கேட்டிருந்தார். பகல் மூன்றரை என்று எழுதினேன். ஜெபமாலைக்குப் பக்கத்திலேயே வராத நேரமாக, மனைவியும் மகளும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எழுதினேன். இந்த முறை என்னையும் என் வேலையையும் மட்டும் அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் ரோஷமும் இருந்தது.

அன்று காலை அம்மா கேட்டாள். “இன்னிக்குத்தானா அந்தத் தம்பி பேசறது?”

“ஆமாம்மா, மூணரைக்கு. நீ அந்த நேரத்துல உள்ள படுத்துக்கோ.”

“செரி கண்ணு.”

மூன்றரைக்கு மேனேஜர் வந்தார். என் வேலையை நிறையப் புகழ்ந்தார். ஒரு மனிதரை இவ்வளவு புகழ்ந்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? மென்பொருள் வந்துவிட்டது, எல்லோரையும் நிறுத்துகிறார்கள், தன் கையில் எதுவும் இல்லை என்றார். நான் தலையாட்டினேன். புரிகிறது சார் என்றேன். வேறு ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தும் இருந்தேன். அந்தத் தாளைப் பார்த்தேன். மறுபடி புரிகிறது சார் என்றேன்.

அப்போதுதான் டிவியின் மூலையில் என் கட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. என் தோளுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது. அம்மா வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பூசைக்குப் போகும்போது கட்டுகிற வெள்ளைச் சேலை. பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முதலில் மடக்கி, வலியில் வாயைப் பிளந்து, அடுத்த காலையும் மடக்கித் தரையில் முழந்தாளிட்டாள். நான்கு வருடமாகக் கோயிலில்கூட அவள் முழந்தாளிட்டதில்லை. கையில் ஜெபமாலை இல்லை. கைகளைக் கூப்பினாள்.

முகத்தை நிமிர்த்தவில்லை. கட்டத்துக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தாள். என்னை என்று நான் நினைத்தது ஒரு கணம்தான். அவள் படத்தைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பியிருக்கலாம். எழுந்து மறைத்திருக்கலாம். கை மவுஸின் மேல்தான் இருந்தது, ஒரு அமுக்கில் கேமராவை நிறுத்தியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. என்னால் முடியவில்லை என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா என்று தெரியவில்லை. அவர் முகம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் பார்த்துவிட்டார். இந்த முறை கையைத் தூக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். “நான் எழுதுகிறேன்” என்று சொன்னார். திரை அணைந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். “என்னம்மா பண்ணிட்ட? யாரைப் பாத்து மண்டி போட்ட நீ? அந்த ஆளு யாரு? அவன் வயசு என்ன, உன் வயசு என்ன?”

“கத்தாத. தூக்கி விடு மொதல்ல.”

“எதுக்கும்மா இப்படி என் மானத்த வாங்கற?”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழவில்லை. “உனக்குக் கேக்க வராது கண்ணு. சின்னதுலருந்தே வராது. பள்ளிக்கொடத்துல பென்சில் வேணும்னாக்கூட நாந்தேன் வந்து கேக்கோணும். அதுதேன் இப்பவும் கேட்டேன். இதுல என்ன மானம்?”

இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவளைத் தூக்கினேன். முட்டி நிமிர வெகுநேரம் ஆனது. நாற்காலியில் உட்கார வைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். “கேட்டுட்டம்ல, குடுப்பாரு” என்று அவளே எனக்குத் தைரியம் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. மிகவும் வருந்துகிறேன் என்று தொடங்கியிருந்தார். தன்னால் ஆனதைச் செய்து பார்த்ததாகவும், முடிவு மாறவில்லை என்றும், இந்த மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில் என் தாயாரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருந்தார். நாற்காலியும் சோபாவும் பார்த்த அதே நாற்பத்து மூன்று அங்குலத்தில், எழுத்துக்கு எழுத்து விரல் தடிமனில் அந்த மெயில் விரிந்து கிடந்தது. ஹாலில் அம்மா எனக்குப் பின்னால்தான் இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“அந்தத் தம்பிதான எழுதிருக்காரு? என்ன சொல்றாரு?”

தைலம் தேய்த்தும் அவள் முட்டி இன்னும் வீங்கியே இருந்தது. கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“குடுத்துட்டாரும்மா” என்றேன். “உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.”

இதில் இரண்டாவது வாக்கியம் உண்மை.

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மனைவி வந்ததும் மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அத்தைகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?” என்றாள். சொல்கிறேன் என்றேன். மகளிடமும் இன்னும் சொல்லவில்லை. மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் குளித்துவிட்டு வந்து டிவியைப் போட்டு, பழைய சோபாப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருகிறேன். அம்மா மதிய வெயிலுக்கு மோர் கொண்டுவந்து வைக்கிறாள். அவள் உள்ளே போனதும் பட்டியலை மூடிவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன்.

ஏழு மணிக்கு ஜெபமாலை. முடிந்ததும் அம்மா வழக்கம்போல ஒவ்வொருவருக்காகவும் வேண்டுவாள். மகளின் பரீட்சைக்காக, மனைவியின் இடுப்பு வலிக்காக, ஹனூரில் இருக்கும் தன் தம்பிக்காக. இப்போது கடைசியில் ஒன்று சேர்ந்திருக்கிறது. “எம்பையனுக்கு வேல குடுத்த அந்த வெள்ளக்காரத் தம்பிக்கு ஒரு கொறையும் வரக்கூடாது ஆண்டவரே. அவரு வேலையும் நெலச்சு நிக்கோணும்.”

மனைவி பாயைப் பார்க்கிறாள். மகள் ஆமென் என்கிறாள். நானும் முழந்தாளிட்டபடி ஆமென் என்று சொல்கிறேன்.